கொண்டாட எல்லோரும், பழி ஒருவருக்கா? தடுமாறும் இளம் வீரர்களுக்கு யார் பொறுப்பு?

2018 அக்டோபர் 4. ராஜ்கோட்டில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட். 18 வயது பிருத்வி ஷா தன் முதல் டெஸ்ட் இன்னிங்ஸிலேயே 134 ரன் அடித்தார். அறிமுக டெஸ்ட்டில் சதம் அடித்த மிக இளைய இந்தியர் என்ற சாதனை அன்று அவர் பெயரில் பதிவானது. சச்சின், சேவாக், லாரா என்று ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொல்லி அவரோடு ஒப்பிட்டார்கள்.

2024 நவம்பர். ஐபிஎல் மெகா ஏலம். அடிப்படை விலை 75 லட்சம் ரூபாய். பிருத்வி ஷாவின் பெயர் வாசிக்கப்பட்டது. பத்து அணிகளில் ஒன்றுகூட கை தூக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 25தான்.

இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் என்ன ஆனது? இணையத்தில் கேட்டால் இரண்டு ரெடிமேட் பதில்கள் கிடைக்கும். ஒன்று, 'பையனுக்குத் தலைக்கனம்'. இன்னொன்று, 'போர்டு சரியா கவனிக்கல'. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால், ஒரு இளம் வீரர் தடுமாறும் நேரத்தில் யார் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, யார் என்ன செய்திருக்க முடியும் என்பதை இரண்டு பதிலுமே தொடுவதில்லை. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஏறியதும் இறங்கியதும்

மும்பைக்கு அப்பால் இருக்கும் விராரில் வளர்ந்தவர் ஷா. 2013 நவம்பரில் ஹாரிஸ் ஷீல்டு பள்ளிப் போட்டியில் 546 ரன் குவித்தபோது அவருக்கு 14 வயது. 2017 ஜனவரியில் ரஞ்சி அறிமுகம். அது அரையிறுதி, எதிரே தமிழ்நாடு. இரண்டாவது இன்னிங்ஸில் 120 ரன் அடித்து நம்ம டீமின் ஃபைனல் கனவைக் கலைத்தார். 2018 பிப்ரவரியில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணிக்கு அவர்தான் கேப்டன். பயிற்சியாளர் ராகுல் திராவிட். அதே ஆண்டில் ஐபிஎல், அக்டோபரில் டெஸ்ட், அறிமுகத் தொடரிலேயே தொடர் நாயகன் விருது.

அதன் பிறகு நடந்தவை வரிசையாக:

• 2018 நவம்பர்: சிட்னியில் பயிற்சி ஆட்டத்தில் கேட்ச் பிடிக்கப் போய்க் கணுக்காலில் காயம். ஆஸ்திரேலியத் தொடர் முழுவதும் போனது.

• 2019 ஜூலை: ஊக்கமருந்துப் பரிசோதனையில் தடை செய்யப்பட்ட டெர்பியூட்டலின் கண்டறியப்பட்டு, 8 மாதத் தடை. இருமல் மருந்து வழியாகத் தெரியாமல் உடலுக்குள் போனது என்ற அவரது விளக்கத்தை பிசிசிஐ ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தடை தடைதான்.

• 2020 டிசம்பர்: அடிலெய்டு டெஸ்ட்டில் 0, 4. இரண்டு முறையும் போல்டு. இந்தியா 36 ரன்னில் சுருண்ட அதே டெஸ்ட். அடுத்த ஆட்டத்தில் அவர் இடத்துக்கு ஷுப்மன் கில் வந்தார். ஷா அதன் பிறகு டெஸ்ட் ஆடவே இல்லை.

• 2021 தொடக்கம்: விஜய் ஹசாரே கோப்பையில் 827 ரன். ஒரு சீசனில் அதுவரை யாரும் அவ்வளவு அடித்ததில்லை. (தமிழ்நாட்டின் ஜெகதீசன் 2022-23 சீசனில் 830 ரன் எடுத்து அதை முந்தினார்.)

• 2023 ஜனவரி: ரஞ்சியில் அசாமுக்கு எதிராக 379 ரன். ரஞ்சி வரலாற்றின் இரண்டாவது மிகப்பெரிய ஸ்கோர். உடனே இந்திய டி20 அணிக்கு அழைப்பு. ஆனால் ஒரு ஆட்டத்திலும் இறக்கப்படவில்லை.

• 2023 ஆகஸ்ட்: இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயருக்காக ஒருநாள் ஆட்டத்தில் 244 ரன். சில நாட்களிலேயே முழங்காலில் காயம்.

• 2024 அக்டோபர்: மும்பை ரஞ்சி அணியிலிருந்து நீக்கம். உடற்தகுதியும் ஒழுங்கும் காரணம் என்று செய்திகள் வந்தன. அடுத்த மாதம்தான் அந்த ஏலம்.

மொத்தம் 5 டெஸ்ட், 339 ரன், சராசரி 42.37. எண்ணை மட்டும் பார்த்தால் இது தோல்வியடைந்த டெஸ்ட் பேட்ஸ்மேனின் எண் கிடையாது.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை மேலிருந்து படித்தால் ஒன்று புரியும். இது ஒரே இறக்கம் இல்லை. விழுகிறார், எழுந்து பெரிய ஸ்கோர் அடிக்கிறார், மறுபடி விழுகிறார். ஒவ்வொரு முறை விழும்போதும் அவர் வேறு ஒரு ஜெர்சியில் இருக்கிறார். பிரச்சினையின் வேர் இந்த இடத்தில் தொடங்குகிறது.

ஒரு வீரர், நான்கு பாஸ்

ஆபீஸில் ஒரே நேரத்தில் இரண்டு மேனேஜர்களுக்கு ரிப்போர்ட் செய்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். வேலை நன்றாக முடிந்தால் இருவரும் தங்கள் டீமின் சாதனை என்பார்கள். சொதப்பினால், 'அவன் அந்த டீம் ஆளு' என்று இருவரும் கைகாட்டுவார்கள்.

இந்தியாவில் ஒரு இளம் கிரிக்கெட் வீரருக்குக் குறைந்தது நான்கு பாஸ்கள்.

முதலாவது, மாநிலச் சங்கம். ரஞ்சி, விஜய் ஹசாரே, சையது முஷ்டாக் அலி என்று உள்நாட்டு சீசன் முழுக்க அவர் அவர்களுடைய ஆள். இரண்டாவது, ஐபிஎல் அணி. ஆண்டுக்குச் சுமார் இரண்டு மாதம்தான், ஆனால் பணமும் புகழும் அதிகம் வருவது அங்கிருந்துதான். மூன்றாவது, இந்திய அணியின் தேர்வுக் குழுவும் நிர்வாகமும். நான்காவது, காயமடைந்தால் போய்த் தங்கும் பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமி. இப்போது அதன் பெயர் சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ்.

நான்கு இடத்திலும் நல்ல பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். பிசியோ, டிரெய்னர், வீடியோ அனலிஸ்ட் எல்லாம் உண்டு. சர்வதேச அணிக்கு மனநலப் பயிற்சியாளரும் வந்திருக்கிறார். 2011 உலகக் கோப்பை வென்ற அணியோடு பேடி அப்டன் இருந்ததை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த உதவி எல்லாம் அணியோடு ஒட்டியது, வீரரோடு ஒட்டியது கிடையாது. அணியிலிருந்து ஒருவரை நீக்கினால் அவருடைய பெயர் மட்டும் பட்டியலிலிருந்து போவதில்லை. தினமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சியாளர், பிசியோ, டயட் ஆலோசகர் எல்லோரும் அடுத்த ஊருக்கு ஃபிளைட் ஏறிவிடுவார்கள். உதவி அதிகம் தேவைப்படும் நாளில் உதவி செய்ய ஆள் இருக்காது.

ஷா அடிலெய்டில் சொதப்பியது இந்திய அணிக்காக. அதைச் சரிசெய்துகொள்ளப் போனது மும்பை அணிக்கு. அங்கே ரன் குவித்ததன் பலன் அடுத்து போய்ச் சேர்ந்தது டெல்லி ஐபிஎல் அணிக்கு. உடம்பைத் தயார்செய்ய வேண்டிய மாதங்கள் இவை மூன்றுக்கும் இடையே சிதறிக் கிடந்தன. ஒரு அணி முடித்த இடத்திலிருந்து அடுத்த அணி தொடங்க வேண்டும் என்றால், நடுவில் ஒருவர் அந்தக் கோப்பைக் கைமாற்றித் தர வேண்டும். அந்த வேலைக்கென்று ஒருவர் பெயர் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை.

அணிகளுக்கு இருக்கும் நான்கு வழிகள்

எந்த விளையாட்டாக இருந்தாலும், தடுமாறும் இளம் வீரரை வைத்துக்கொண்டு ஒரு அணி செய்யக்கூடியது நான்கில் ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

1. தொடர்ந்து ஆட வைப்பது

ஷாவின் தலைமையில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆடியவர்தான் ஷுப்மன் கில். அந்தத் தொடரின் சிறந்த வீரரும் அவரே. 2023 மார்ச்சில் அகமதாபாத் டெஸ்ட்டில் 128 அடித்த பிறகு, அடுத்த 12 டெஸ்ட் இன்னிங்ஸில் கில்லுக்கு ஒரு அரை சதம்கூட வரவில்லை. ஓபனிங்கிலிருந்து 3ஆம் இடத்துக்கு மாறியதும் அந்தக் காலத்தில்தான். 'இன்னும் எத்தனை சான்ஸ்?' என்ற கேள்வி பலமாகவே எழுந்தது. நிர்வாகம் அவரை மாற்றவில்லை. 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் 104 அடித்தார். 2025ல் டெஸ்ட் கேப்டனாகி இங்கிலாந்துத் தொடரில் 754 ரன் குவித்தார்.

இதை வைத்து, 'ஷாவுக்கும் 12 இன்னிங்ஸ் கொடுத்திருந்தால் அவரும் கேப்டன் ஆகியிருப்பார்' என்று சொல்லிவிட முடியாது. உடற்தகுதி, பயிற்சி, டெக்னிக் என்று தேர்வாளர்கள் பார்ப்பது ஸ்கோர் கார்டில் வராது. ஆனால் ஒன்று உறுதி: ஒருவருக்குக் கிடைக்கும் பொறுமையின் அளவு என்பது யாரோ எடுக்கும் முடிவு. அது தானாக நடப்பதில்லை. இந்த வழிக்கான விலையையும் யாரோ ஒருவர் கொடுக்கிறார். வெளியே ரன் குவித்துக்கொண்டு காத்திருக்கும் இன்னொரு வீரர்.

2. கீழே அனுப்பித் தயார்செய்வது

'உள்நாட்டு கிரிக்கெட்டுக்குப் போ, ரன் அடி, திரும்பி வா' என்பது இந்தியத் தேர்வுக் குழுவின் பழைய பாணி. நியாயமான வழிதான். ஆனால் என்ன சரியானால் திரும்பி வரலாம் என்று தெளிவாகச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். உள்ளே வரும் பந்தை ஆடுவதில் ஓட்டை என்றால், அந்த ஓட்டையை மூட வேண்டும். தட்டையான பிட்ச்சில் 827 ரன் அடிப்பதும் 379 அடிப்பதும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாமல் போகலாம். வீரர், 'ரன்தான் கேட்டீங்க, அடிச்சுட்டேனே' என்பார். தேர்வாளர், 'நாங்க கேட்டது வேற' என்பார். இருவருமே உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள்.

3. பெஞ்சில் வைத்திருப்பது

அணியோடு வைத்துக்கொண்டு, ஆட்டத்தில் இறக்காமல் இருப்பது. நெட்ஸில் உலகத் தரப் பந்துவீச்சை ஆடலாம், சீனியர்களிடம் கற்கலாம் என்பது நன்மை. ஆனால் 20 வயதில் ஆட்டமே இல்லாமல் ஒரு சீசன் முழுவதும் தண்ணீர் பாட்டில் தூக்கினால், ஃபார்முக்கு வருவதற்கான ஒரே இடமான மைதானம் கைவிட்டுப் போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கவனிப்பு போலத் தெரியும். உள்ளே இருப்பவருக்கு அது வெறும் காத்திருப்பு.

4. கழற்றிவிடுவது

கேட்கக் கொடுமையாக இருந்தாலும், சில நேரம் இதுதான் வீரருக்கு நல்லது. ஒரு இடத்தில் ஒட்டாத திறமை இன்னொரு இடத்தில் பூக்கும். கால்பந்தில் முகமது சலாவும் கெவின் டி புருய்னும் செல்சியில் இடம் கிடைக்காமல் வெளியேறியவர்கள். பிறகு இருவரும் வேறு கிளப்புகளில் ஆடி பிரீமியர் லீகின் மிகப்பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள். கழற்றிவிடுவதில் தவறில்லை. எப்படிக் கழற்றிவிடுகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

காரணமே தெரியாமல் தீர்ப்பு சொன்னால்?

இந்த நான்கில் எதைத் தேர்ந்தெடுக்கும் முன்பும் ஒரு வேலை இருக்கிறது: ஏன் தடுமாறுகிறார் என்று கண்டுபிடிப்பது. அதில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க கூடைப்பந்தில் ஒரு பாடம் உண்டு.

2017 என்பிஏ டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானவர் மார்கெல் ஃபல்ட்ஸ். அவரை எடுப்பதற்காகவே பிலடெல்பியா அணி பாஸ்டனோடு பேரம் பேசி முதலிடத்தை வாங்கியது. பதிலுக்குத் தன் மூன்றாம் இடத்தோடு எதிர்கால முதல் சுற்று வாய்ப்பு ஒன்றையும் கொடுத்தது. பாஸ்டன் அந்த மூன்றாம் இடத்தில் எடுத்தது ஜேசன் டேட்டமை. ஒப்பீடு அன்றே தொடங்கிவிட்டது.

சீசன் தொடங்கியதும் ஃபல்ட்ஸின் ஷாட் விநோதமாக மாறியது. பந்தை எறியும்போது கை நடுவில் நின்று நின்று போனது. முதல் சீசனில் 14 ஆட்டம், அடுத்ததில் 19 ஆட்டம், அவ்வளவுதான். தோள் பிரச்சினை என்று ஒரு பக்கம் சொன்னார்கள். மறுபக்கம், எல்லாம் மனசுதான் என்று கேலி வீடியோக்கள் சுற்றின. 2018 டிசம்பரில்தான் வெளியிலிருந்த மருத்துவ நிபுணர்கள் வேறு காரணத்தைச் சொன்னார்கள். கழுத்துக்கும் தோளுக்கும் இடையே நரம்பு நசுங்கும் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் என்ற பாதிப்பு அது. இரண்டு மாதத்தில் பிலடெல்பியா அவரை ஆர்லாண்டோவுக்கு அனுப்பிவிட்டது.

ஆர்லாண்டோ என்ன செய்தது? அவசரப்படவில்லை. அந்த சீசனின் மீதி ஆட்டங்களில் அவரை இறக்கவே இல்லை. சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் நேரம் கொடுத்தது. அடுத்த சீசனில் ஃபல்ட்ஸ் 72 ஆட்டங்கள் ஆடினார். சூப்பர் ஸ்டார் ஆகவில்லை. பின்னால் முழங்கால் தசைநார் கிழிந்து இன்னொரு சோதனையும் வந்தது. ஆனால் 20 வயதில் முடிந்துவிட்டது என்று எழுதப்பட்ட கரியர் முடியவில்லை.

'அவனுக்கு மனசு சரியில்ல' என்று சொல்வதும் ஒரு மருத்துவத் தீர்ப்புதான். அதைப் பரிசோதனை செய்யாமல் சொல்லும் உரிமை ரசிகருக்கு மட்டுமில்லை, அணிக்கும் கிடையாது.

சென்னையிலிருந்து ஒரு பழைய பாடம்

இது ஐபிஎல் காலத்தின் நோய் என்று நினைத்தால், 40 ஆண்டு பின்னால் போக வேண்டும். சென்னையின் லெக் ஸ்பின்னர் எல்.சிவராமகிருஷ்ணன் 1983 ஏப்ரலில் ஆண்டிகுவாவில் டெஸ்ட் அறிமுகமானபோது வயது 17 ஆண்டு 118 நாள். அதுவரை டெஸ்ட் ஆடிய இந்தியர்களில் அவர்தான் மிக இளையவர். 1984 இறுதியில் பம்பாயில் இங்கிலாந்தை எதிர்த்து ஒரே டெஸ்ட்டில் 12 விக்கெட். அந்தத் தொடரில் மொத்தம் 23. 1985 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் உலக சாம்பியன்ஷிப் கோப்பையை இந்தியா வென்றபோது, பாகிஸ்தானுக்கு எதிரான இறுதிப் போட்டியில் 3 விக்கெட்.

1986 ஜனவரியில் கடைசி டெஸ்ட். வயது 20. மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். 1987 உலகக் கோப்பையோடு சர்வதேச கிரிக்கெட்டே முடிந்தது.

லெக் ஸ்பின் என்பது பந்துவீச்சிலேயே கைக்குள் நிற்காத கலை. லயம் ஒரு முறை தவறினால் திரும்பப் பிடிக்க மாதங்கள் ஆகும், கூடவே ஒரு நல்ல கண் வேண்டும். அப்போது இந்திய அணிக்கு பவுலிங் கோச் கிடையாது. வீடியோ அலசல் கிடையாது. உளவியல் நிபுணர் என்ற பேச்சே இல்லை. முழுநேர வெளிநாட்டுப் பயிற்சியாளராக ஜான் ரைட் வந்ததே 2000ல்தான். சிவாவின் திறமை வற்றிப்போனது என்று அன்று பேசினார்கள். திறமையைப் பார்த்துக்கொள்ள என்ன ஏற்பாடு இருந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

அன்று வசதி இல்லை. அதைக் காரணமாகச் சொல்லலாம். இன்று உலகின் பணக்கார கிரிக்கெட் வாரியத்துக்கு அந்தக் காரணம் செல்லாது.

அப்போ வீரருக்குப் பொறுப்பே இல்லையா?

இருக்கிறது. கணிசமாகவே இருக்கிறது.

ஊக்கமருந்து விதியையே எடுத்துக்கொள்வோம். உலகம் முழுக்க இதில் ஒரே கொள்கைதான்: வீரரின் உடலில் எது இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு. இருமல் மருந்தா, எனர்ஜி பவுடரா, யார் கொடுத்தது என்பதெல்லாம் தண்டனையின் அளவைக் குறைக்கலாம், பொறுப்பை மாற்றாது. 19 வயதுக்காரருக்கும் இதே விதிதான். கடுமையாகத் தெரிந்தாலும், இது இல்லையென்றால் ஏமாற்றுபவர்கள் எல்லோரும் இருமல் மருந்தைக் காட்டுவார்கள்.

உடற்தகுதியும் அப்படித்தான். டிரெய்னர் அட்டவணை போட்டுத் தரலாம். காலையில் எழுந்து ஓட வேண்டியது வீரர். 2024 டிசம்பரில் மும்பை கேப்டன் ஷ்ரேயஸ் ஐயர் பொதுவெளியிலேயே இதைச் சொன்னார். ஷாவின் திறமை அபாரமானது, ஆனால் யாரையும் குழந்தை மாதிரி கூடவே இருந்து பார்த்துக்கொள்ள முடியாது என்பதே அவர் பேச்சின் சாரம். அணியில் மற்ற பத்துப் பேரும் அதே ரயிலில் வந்து, அதே வெயிலில் ஃபீல்டிங் செய்கிறார்கள். ஒருவருக்காக விதியைத் தளர்த்தினால் அவர்களுக்கு என்ன பதில்?

ஷாவும் இதை மறுக்கவில்லை. தவறான முடிவுகள் எடுத்ததையும், கிரிக்கெட்டுக்குக் கொடுத்த நேரம் குறைந்ததையும், சரியில்லாத நட்புகளையும் 2025ல் ஒரு பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார்.

ஆக, கேள்வி 'வீரரா, அணியா' என்பதில்லை. எந்தப் பங்கு யாருடையது?

பொறுப்பைப் பங்கிட ஒரு எளிய அளவுகோல்

முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ, அந்த முடிவின் பொறுப்பும் அவரிடம். இந்த ஒரு அளவுகோலை வைத்தால் பாதி குழப்பம் தீரும்.

14 வயதில் ஒரு பையன் எவ்வளவு ஆட வேண்டும், பள்ளிக்குப் போக வேண்டுமா, கேமரா முன் நிற்க வேண்டுமா என்று தீர்மானிப்பது பெற்றோரும் பயிற்சியாளரும் சங்கமும். அங்கே அவன் மீது பழி போட முடியாது.

18 வயதில் அவரை எப்போது அறிமுகம் செய்வது, எந்த இடத்தில் இறக்குவது, எத்தனை ஆட்டம் கொடுப்பது, காயத்திலிருந்து எப்போது திரும்ப வைப்பது என்பதெல்லாம் தேர்வாளர்கள், நிர்வாகம் கையில். தயாராகாத ஒருவரை இறக்கிவிட்டு, 'தயாராக இல்லை' என்று நீக்கினால், இரண்டில் ஒரு முடிவு தவறு. அந்தத் தவறு அணியுடையது.

22, 23 வயதுக்கு மேல் தூக்கம், சாப்பாடு, பயிற்சி, யாரோடு பழகுவது என்பதெல்லாம் வீரர் கையில். அங்கே 'யாரும் சொல்லித் தரவில்லை' என்ற வாதம் வலுவிழக்கிறது.

இடையில் ஒரு சாம்பல் நிறப் பகுதி இருக்கிறது: திடீர்ப் பணமும் புகழும். 18 வயதில் கோடி ரூபாய் ஒப்பந்தத்தைக் கையில் கொடுப்பது அணி. அந்தப் பணத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பது வீரர். கொடுக்கும் அதிகாரம் இருப்பவர், கூடவே வழிகாட்டும் கடமையையும் ஏற்க வேண்டும். என்பிஏ இதை 1986லேயே உணர்ந்தது. புதிதாக வரும் வீரர்கள் பணம், மனநலம், பொதுவாழ்க்கை பற்றிய ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார வேண்டும் என்ற ஏற்பாட்டை அந்த ஆண்டே தொடங்கியது.

வெளியே அனுப்பிய பிறகு?

ஆபீஸில் ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால் நோட்டீஸ் பீரியட், செட்டில்மென்ட், அனுபவச் சான்றிதழ் என்று ஏதோ ஒன்று இருக்கிறது. 12 வயதிலிருந்து கிரிக்கெட் மட்டுமே ஆடி, படிப்பைப் பாதியில் விட்ட ஒருவரை அனுப்பும்போது?

இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான கிரிஸ்டல் பேலஸ் 2021ல் ஒரு முன்மாதிரி ஏற்பாட்டைத் தொடங்கியது. அதன் அகாடமியிலிருந்து விடுவிக்கப்படும் 18 முதல் 23 வயது வரையிலான வீரர்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை உதவி தொடரும். வேறு கிளப் தேடுவது, படிப்பைத் தொடர்வது, வேலைக்குத் தயாராவது, மனநல ஆலோசனை எல்லாம் அதில் உண்டு. இதற்கென்றே ஒரு அதிகாரி நியமிக்கப்பட்டார். வீரர் இனி அந்தக் கிளப்புக்கு ஒரு கோல்கூட அடிக்கப் போவதில்லை என்று தெரிந்தே செய்யும் செலவு இது.

இதில் கவனிக்க வேண்டியது தொகையை விட அந்த ஒரு அதிகாரியை. விடுவிக்கப்பட்ட பையனுக்குக் கூப்பிட ஒரு நம்பர் இருக்கிறது.

ஷாவின் கதையும் இன்னும் முடியவில்லை. 2025ல் மும்பையை விட்டு மகாராஷ்டிராவுக்கு மாறினார். அக்டோபரில் சண்டிகருக்கு எதிராக ரஞ்சியில் 222 ரன். டிசம்பர் ஏலத்தில் டெல்லி அணி அதே 75 லட்சத்துக்கு அவரை மீண்டும் எடுத்தது. இனி ரன் அடிப்பதும் அடிக்காததும் பெரும்பாலும் அவர் பாடு.

அடுத்த பையன் வந்துவிட்டான்

2025 ஏப்ரல் 28. ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் ராயல்ஸுக்காக 35 பந்தில் ஐபிஎல் சதம் அடித்த பீகாரின் வைபவ் சூர்யவன்ஷிக்கு வயது 14. அவரை 1.10 கோடி ரூபாய்க்கு எடுத்தபோது 13. அன்று இரவே ஒப்பீடுகள் தொடங்கிவிட்டன. ஷாவுக்கு நடந்தது போலவே.

அதே ஆண்டு செப்டம்பரில் பிசிசிஐ ஒரு விதி கொண்டுவந்தது. 16, 19 வயதுக்குட்பட்ட பிரிவு வீரர்கள் ஐபிஎல் ஆட வேண்டுமென்றால் குறைந்தது ஒரு முதல்தரப் போட்டியாவது ஆடியிருக்க வேண்டும். நல்ல தொடக்கம். ஆனால் இது உள்ளே வரும் வாசலுக்கான விதி. வந்த பிறகு ஃபார்ம் போனால், காயம் பட்டால், ஏலத்தில் விலை போகாவிட்டால் என்ன என்பதற்கு இதில் பதில் இல்லை.

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. இளம் வயதில் ஒப்பந்தம் பெறும் ஒவ்வொரு வீரருக்கும் அணி மாறினாலும் மாறாத ஒருவர் வேண்டும். மாநிலம், ஐபிஎல், இந்தியா என்று ஜெர்சி எதுவாக இருந்தாலும் அவரது உடல்நிலை, பயிற்சி, மனநிலை எல்லாம் தெரிந்த ஒரு ஆள். அணியிலிருந்து நீக்கும்போது காரணத்தையும் திரும்பி வருவதற்கான அளவுகோலையும் எழுத்தில் தர வேண்டும். இந்த இரண்டையும் செய்துவிட்டு, அதன் பிறகும் வீரர் ஓடவில்லை, உழைக்கவில்லை என்றால், அப்போது தாராளமாக அவரைக் குற்றம் சொல்லலாம்.

சூர்யவன்ஷிக்கும் ஒரு மோசமான சீசன் வரும். வராத பேட்ஸ்மேன் உலகத்தில் இல்லை. அன்றைக்கு அவர் போனை எடுத்தால், முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெயரை முடிவு செய்ய வேண்டிய நேரம், அவர் சிக்ஸர் அடித்துக்கொண்டிருக்கும் இப்போதுதான்.